சஷ்டிக்கு மூன்று மூச்சுப் பைகள்

மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது, காலையில் கண்விழித்ததும் அவள் செய்கிற முதல் காரியம் என் மூக்குக்கு நேரே வாயை ஆவென்று திறப்பதுதான். நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன். பல் தேய்ப்பதற்கு முன், தண்ணீர் குடிப்பதற்கு முன், ஒருமுறை முகர்ந்து பார்த்துவிடுவேன். பழக்கம் முற்றிப்போய், ஒரு கல்யாணத்தில் கன்னத்தைக் கிள்ளக் குனிந்த பெரியம்மா முறை உறவினர் ஒருவருக்கும் ஆவென்று திறந்து காட்டினாள். பல்லில் பூச்சியா என்று அவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லியிருப்பார்.

உண்மை இதுதான். சில காலைகளில் அவள் வாயில் அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தின் வாசம் வந்தது. வேறு வீட்டில் அதைக் குழந்தை வாசம் என்று சொல்லிக் கொஞ்சிவிட்டுப் போயிருப்பார்கள். என்னால் முடியவில்லை. என் அப்பா நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். ஒருமுறை சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, அவர் படுக்கையைச் சுற்றி இதே வாசம் இருந்தது. அதனால் மகள் கொட்டாவி விடும்போதெல்லாம் நான் மூக்கை நீட்டினேன்.

குழந்தை மருத்துவரிடம் போகாமல் இல்லை. விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. ராத்திரி நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ராகிக் கூழ், வேகவைத்த கேரட், பாசிப்பயறு என்று என் அட்டவணை முழுவதையும் ஒப்பித்தேன். நான் சொன்னதெல்லாம் கொடுத்த கணக்கு, உள்ளே போன கணக்கு இல்லை என்பது எனக்கும் அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே சந்தேகங்கள் தொடங்கிவிட்டன. குத்தியது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அல்லவா? அந்தக் கருவிக்கு வயதாகியிருந்தால்? மறுபடி குத்திப் பார்க்கலாம் என்றதற்கு என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் குத்துக்கே மகள் போட்ட கூச்சலில், காத்திருந்த மற்ற குழந்தைகள் எல்லாம் வாசல் பக்கம் நகர்ந்திருந்தார்கள்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் ஆராய்ச்சி உதவியாளர். மூச்சில் உள்ள வாயுக்களை லேசரால் அளப்பதுதான் எங்கள் ஆய்வு. இதை என் கணவரின் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கிச் சலித்துப்போய், ஊதச் சொல்லிப் பார்க்கிற மெஷின் என்று ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் போக்குவரத்து போலீசுக்கு வேலை செய்கிறேன் என்று சூலூர் முதல் காங்கேயம் வரை பரவிவிட்டது. விசேஷ வீடுகளில் சில சித்தப்பாக்கள் இன்றுவரை என்னிடம் பேசும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

எங்கள் கருவி பார்வைக்கு ஒன்றுமில்லை. ஒரு முழ நீளத்தில் எஃகுக் குழாய். இரண்டு முனையிலும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கண்ணாடிகள். வீட்டில் நாம் முகம் பார்க்கிற கண்ணாடி, மேலே விழுகிற ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு மீதியைத்தான் திருப்பித் தரும். இவை அநேகமாக வந்ததை வந்தபடியே திருப்பிவிடும். உள்ளே லேசர் ஒளியை விட்டுச் சட்டென்று நிறுத்தினால், அந்த ஒளி இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான தடவை போய் வந்து, காந்திபுரத்திலிருந்து உக்கடம் போகிற தூரத்தை அந்த ஒரு முழத்துக்குள்ளேயே கடந்து, கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து தீரும். குழாய்க்குள் வெறும் நைட்ரஜன் இருந்தால் நிதானமாக வடியும். நிதானம் என்றால், நாம் ஒருமுறை கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான தடவை வடிந்து முடித்துவிடும். அந்த ஒளியை உறிஞ்சக்கூடிய வாயு உள்ளே துளி இருந்தாலும் போதும், வடிவது இன்னும் விரைவாகிவிடும். எவ்வளவு விரைவு என்று பார்த்தால் எவ்வளவு வாயு என்று சொல்லிவிடலாம். குழாய்க்குள் ஒளி நடக்கிற வழி அத்தனை நீளமானது என்பதால், நம் மூக்குக்கு எட்டாத அளவுகூட அதற்கு எட்டும்.

நாங்கள் தேடுகிற வாயு அசிட்டோன். உடம்புக்கு எரிக்கச் சர்க்கரை கிடைக்காதபோது கொழுப்பை எடுத்து எரிக்கும். அப்போது அசிட்டோன் மூச்சில் கலந்து வெளியே வரும். நகப்பூச்சை அழிக்கிற திரவத்திலும் இதேதான் இருக்கிறது என்பதால் எங்கள் ஆய்வகத்துக்குள் அதற்குத் தடை. செண்ட் கூடாது. பலாப்பழம் கூடாது. ஒருமுறை ஒரு மாணவி கல்யாணத்துக்குப் போய்வந்த நகங்களோடு உள்ளே நுழைந்தபோது எங்கள் மேடம் அவளை வராண்டாவிலேயே நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினார்.

மேடம் எங்கள் ஆய்வகத்தின் பேராசிரியை. குரலை உயர்த்த மாட்டார், திட்டுவதைக்கூட மரியாதையோடுதான் திட்டுவார். அவரிடம் தயங்கித் தயங்கி, என் மகளின் மூச்சை ஒரு பையில் பிடித்துக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. மேடம் யோசித்தார். குழந்தைகளை ஆய்வில் சேர்க்க நமக்கு அனுமதி கிடையாது, அதனால் அளவு எதிலும் பதிவாகக் கூடாது என்றார். இது மருத்துவப் பரிசோதனை ஆகாது என்றார். ஒரு அம்மா குழந்தை வாயை மோந்து பார்க்கிறாள், மூக்கு மட்டும் கொஞ்சம் விலை அதிகம், அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மூச்சுப் பை என்பது வெள்ளி நிறத்தில் தலையணை மாதிரி இருக்கும், மூலையில் ஒரு குழல். ஊது என்றால் மகள் உறிஞ்சினாள். இளநீர்க் குழலில் பழகியவள். உறிஞ்சாதே என்றால் கடித்தாள். நான் ஊதிக் காட்டினால், அம்மா ஊதிவிட்டாய் அல்லவா, அது போதும் என்று போய்விட்டாள். கடைசியில் என் கணவர் வந்தார். அவர் கணபதி பக்கம் தண்ணீர் மோட்டாருக்கு உதிரிபாகம் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருப்பவர். எது காற்றடைக்கும், எது ஒழுகும் என்று பார்ப்பது அவருக்குத் தொழில். அவர் பையை ஒரு கையில் பிடித்து, மறுகையைத் தன் தொப்பை மேல் வைத்துக்கொண்டு, நீ இங்கே ஊதினால் அப்பா வயிறு அங்கே வீங்கும் என்று சொன்னார். அவள் ஊதினாள். வயிறு வீங்கியது. ஊதி நிறுத்தியதும் அப்படியே உள்ளிழுத்துக்கொண்டார். பிறகு பை நிரம்பி உப்பும்வரை அவளை நிறுத்த முடியவில்லை.

பையைச் சாப்பாட்டுக் கூடையில் துண்டு சுற்றி வைத்து ஸ்கூட்டரில் எடுத்துப் போனேன். கல்லூரி வாசலில் காவலாளி கூடையைப் பார்த்து, என்னங்க மேடம் சோறா என்றார். மூச்சுங்க என்றேன், அவசரத்தில். அவர் கொஞ்சம் பின்வாங்கி நின்று, ஊட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களாங்க என்று விசாரித்தார்.

அந்த முதல் பையில் அசிட்டோன் அதிகமாக இருந்தது.

எங்கள் வழக்கப்படி எதை அளப்பதற்கு முன்பும் பின்பும் வெறும் நைட்ரஜனை விட்டுப் பார்ப்போம். கருவி சொல்வது உள்ளே விட்ட மூச்சைப் பற்றித்தானா அல்லது தன் அழுக்கைப் பற்றியா என்று தெரிந்துகொள்ள. முன்பும் சரியாக இருந்தது, பின்பும் சரியாக இருந்தது. பை மாறிவிட்டதோ என்று பார்த்தேன். இருந்ததே ஒரு பைதான். வீட்டுக்குப் போய் மகளின் இருபது நகங்களையும் சோதித்தேன். பூச்சு இல்லை. அன்று கணவரிடம் சொன்னபோது அவர் வழக்கம்போல் கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். அவர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"சரி அம்மணி. இன்னும் நாலு நாள் பாரு. அப்பறமும் இப்படியே இருந்தா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போலாம். ஊசி போடறப்ப நானே புடிச்சுக்கறேன்."

அவர் இப்படி இறங்கி வந்ததுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

மேடமோ ஒற்றை அளவை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்றார். தினமும் கொண்டுவா, உங்கள் இரண்டு பேர் மூச்சையும் சேர்த்துக் கொண்டுவா, ஒரே வீடு, ஒரே காற்று, ஒப்பிட ஆள் வேண்டும் என்றார். ஆரோக்கியமான இரண்டு பெரியவர்கள். நியாயமாகப் பட்டது.

இதற்கிடையில் ஊரிலிருந்து என் அம்மா போன் செய்தார். சஷ்டி வருகிறது, குழந்தைக்காக விரதம் இரு, முருகன் பார்த்துக்கொள்வான் என்றார். லேசரோடு வேலை செய்கிற நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றேன். ஒரு பக்கம் கருவி, ஒரு பக்கம் முருகன், யாராவது ஒருவர் பதில் சொல்லட்டும். ஆறு நாளும் ஒருவேளை பால், ஒரு பழம், மற்றபடி தண்ணீர். இதைக் கேட்டதும் என் கணவர், பாப்பாவுக்காக நானும் இருக்கிறேன் என்றார். காலை டிபனுக்கு ஆறாவது இட்லியைத் தொடாமல் எழாத மனிதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அம்மாவுக்கும் அவர் அம்மாவுக்கும் போன் செய்து சொன்னேன். தினமும் சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு முருகன் கோயிலுக்குப் போய்வருவதாகவும் அவராகவே ஏற்றுக்கொண்டார். மகளுக்கு இரவுச் சாப்பாட்டைக் கோயிலிலிருந்து வந்ததும் நான் ஊட்டுவேன். அவள் இரண்டு கரண்டி கூழை வாங்கி, ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவாள்.

புதுப் பைகள் வந்துசேர நாளாகிவிட்டது; விரதத்தின் மூன்றாம் நாள்தான் மூன்று பைகளோடு போனேன். மகளின் பையில் முயல் படம் ஒட்டியிருந்தேன், குழப்பம் வரக்கூடாதென்று. முயல் பையை இணைத்தேன். ஒளி நிதானமாக வடிந்தது. அசிட்டோன் கொஞ்சம்தான். நம்பாமல் மறுபடி விட்டேன். அதே கொஞ்சம். நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். அடுத்தது கணவருடையது. அதுவும் கொஞ்சம். கடைசியாக என்னுடையது. ஒளி விழுந்தடித்துக்கொண்டு வடிந்தது. திரையில் என் கோடு மற்ற இருவரையும் எங்கோ கீழே விட்டுவிட்டு மேலே போயிருந்தது.

அடுத்த கால்மணி நேரம் நான் என்ன செய்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நோய் எனக்குத்தான் என்று முடிவு செய்தேன். அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது, மகளை விட்டுவிட்டு என்னோடு நின்றுவிட்டது, நல்லதுதான். இன்னும் எத்தனை காலம் என்று யோசித்தேன். நான் போன பிறகு கணவர் மறுகல்யாணம் செய்துகொள்வார், செய்துகொள்ளட்டும். யாரை என்று யோசித்து, தெரிந்த வட்டத்தில் இரண்டு பேரை நிராகரித்தும் விட்டேன். ஒருத்திக்குப் பொறுமை போதாது. இன்னொருத்தி குழந்தைக்கு நூடுல்ஸ் கொடுப்பாள்.

அப்போதுதான் மேடம் வந்து என் தோளுக்கு மேல் திரையைப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, நேத்து என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் இல்லைங்க மேடம். சஷ்டி விரதமுங்க."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடம்பு பட்டினி கிடந்தால் மூச்சில் அசிட்டோன் கூடும் என்று, நான் எழுதி அவர் கையெழுத்திட்ட அறிக்கையிலேயே இருக்கிறதே என்று மெதுவாகக் கேட்டார். இருந்தது. முதல் பக்கத்திலேயே இருந்தது. ஒப்பிட ஆரோக்கியமான ஆள் வேண்டும் என்று தேடி, பட்டினி கிடப்பவளைப் பிடித்துவந்திருக்கிறேன். அதுவும் என்னையே. இந்தத் தப்பை வேறு எந்த நாட்டு ஆய்வகத்திலும் யாரும் செய்திருக்க முடியாது. அங்கெல்லாம் சஷ்டி கிடையாது.

செத்துப் பிழைத்த சந்தோஷத்தில் நானே சொல்லிவிட்டேன், என் கணவரும் ஆறு நாள் விரதம்தான் மேடம் என்று. சொன்ன பிறகுதான் இருவரும் திரையைப் பார்த்தோம். அவருடைய கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மேடம் நைட்ரஜன் உருளையைத் திறந்து கருவியை மறுபடி வெறுமையாக ஓட்டிப் பார்த்தார். கருவியில் குறை எதுவும் இல்லை.

"ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி இருக்கும் கண்ணு," என்று சொல்லிவிட்டு, சிரிப்பதற்காக அடுத்த அறைக்குப் போனார்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது முதலில் கோபம்தான் வந்தது. அவர் அம்மாவுக்கு வேறு போன் செய்து பெருமைப்பட்டிருக்கிறேன். அவினாசி சாலை சிக்னலில் நிற்கும்போது கோபத்துக்கு நடுவே இன்னொன்று எட்டிப் பார்த்தது. மகளின் கோடும் அவர் கோட்டுக்குப் பக்கத்திலேயே அல்லவா படுத்திருந்தது? என் இரண்டு கரண்டி கூழில் விடிய விடியக் கிடந்தால் அவளுக்கும் ஏறியிருக்க வேண்டும். அவர் எங்கே சாப்பிட்டாரோ அங்கே அவளும் சாப்பிட்டிருக்கிறாள். தினமும் சாயங்காலம் குளித்து, பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு கிளம்புகிற இரண்டு பேர்.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. நான் நகரவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டதும் மகளின் அளவு இறங்கிவிட்டது என்றால், அந்தப் பழ வாசம் வெறும் பசியாக இருக்கலாம் அல்லவா? அப்பாவின் நோய் இப்படி ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இறங்கி வழிவிடாது.

ஆனால் ஒரு நாள் அளவை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அவர்கள் மறுபடியும் போக வேண்டும், மறுபடியும் சாப்பிட வேண்டும், எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கணவர் பயந்துபோய் உண்மையிலேயே விரதம் இருக்கத் தொடங்கிவிடுவார், என் சோதனை கெட்டுவிடும்.

அன்று சாயங்காலம் வாசலில் நின்று அவர்களை வழியனுப்பினேன். அவசரப்பட வேண்டாம், நேரமானாலும் பரவாயில்லை, நன்றாகக் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்றேன். பக்தன் சாமியைப் பார்ப்பது போலக் கணவர் என்னைப் பார்த்தார். திரும்பி வந்ததும் எனக்கென்று கொண்டுவந்த பிரசாதத்தைப் பயபக்தியோடு கொடுத்தார். மகள் இரண்டு டம்ளர்களைத் தட்டின் மேல் மாற்றி மாற்றித் தட்டி விளையாடினாள். இரண்டு நாளாகவே அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தாள். கோயில் மேளத்தைப் பார்த்துப் பழகுகிறாள் என்று அதுவரை பூரித்துப்போயிருந்தேன். அன்று காதைக் கொடுத்துக் கேட்டபோதுதான் புரிந்தது, அது கொத்துப் பரோட்டா கொத்துகிற தாளம்.

மறுநாள் மூன்று பைகள். அவர்கள் இருவரும் கீழே, நான் மேலே.

அன்று சாயங்காலம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கோயிலுக்குப் போக வழியில்லை. கணவர் ஜன்னலுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்தார். மழை விடுகிற மாதிரி இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். பக்திதான் எத்தனை என்று நான் வியந்து பேசினேன். ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு, சாமி கும்பிட வீட்டில் இருந்தால் போதாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுக்கப் போனார். மகள் வழக்கம்போல் இரண்டு கரண்டி கூழைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். ஒரு தோசை ஊற்றிக் கொடுத்திருந்தால் சாப்பிட்டிருப்பாளோ என்னவோ. மாவு இருந்தது. நான் ஊற்றவில்லை. அதை நினைத்து விடிகிறவரை புரண்டுகொண்டிருந்தேன். பெற்ற குழந்தையின் பசியை அளந்து பார்க்கிற அம்மா என்ன அம்மா? அளக்காமல் பயந்து சாவது மட்டும் என்ன? காலையில் அவள் வாயைத் திறந்தாள். பழ வாசம் இருந்தது. பையில் ஊதியதும் அந்தக் கையோடு இரண்டு தோசையை ஊட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். தோசையை அவள் கன்னத்தில் அடக்கவில்லை, மென்று விழுங்கினாள்.

முயல் பை அன்று மேலே போயிருந்தது. கணவருடையதும் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்திருந்தது, பாவம். அன்று சாயங்காலம் வானம் வெளுத்தது, இருவரும் கோயிலுக்குப் போனார்கள், மறுநாள் இருவரும் மறுபடி கீழே வந்தார்கள். மேடம் நாலு நாள் கோடுகளையும் பார்த்துவிட்டு, நாம் டாக்டர் இல்லை, அவரிடம் போய்ச் சொல்லு, ஆனால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கு என்றார். உங்கள் வீட்டுக்காரரைப் போல ஒழுங்காகப் பை கொடுக்கிற ஆள் கிடைப்பது கஷ்டம், ஆய்வுக்குச் சேர்ந்துகொள்வாரா என்றும் கேட்டார்.

சூரசம்ஹாரம் முடிந்து, விரதம் விடுகிற நாளில் வாழை இலை போட்டு மூன்று பேருக்கும் பரிமாறினேன். கணவருக்கு முதல் கரண்டி சோறு வைக்கும்போது, ஆறு நாள் காய்ந்த வயிறு, மெதுவாகச் சாப்பிடுங்கள் என்றேன். அவரும் மெலிந்த குரலில் சரி என்றார். பருப்பு ஊற்றி, நெய் விட்டேன்.

"ஏனுங்க, கோயிலுக்குப் பக்கத்துல எந்தக் கடைங்க?"

நெய்யைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"மெஷின் சொல்லிப்போட்டுச்சா?"

"சாப்பிட்டீங்கன்னு சொல்லுச்சுங்க. என்ன சாப்பிட்டீங்கன்னு அதுக்குத் தெரியாது."

"பரோட்டா, கலக்கி," என்றாள் மகள், இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

கலக்கி என்றால் முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றி, மசாலா சேர்த்து, முழுக்க வேகும் முன் சுருட்டி எடுத்துவிடுவார்கள். உள்ளே கொழகொழவென்று இருக்கும். சஷ்டியில் முட்டை. அதுவும் பாதி வெந்த முட்டை. அதுவும் குழந்தைக்கு. எதற்கு முதலில் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இலையைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். முதல் நாள் அவர் உண்மையாகத்தான் விரதம் இருந்திருக்கிறார். கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் மகள் பசிக்கிறது என்று நின்றுவிட்டாளாம். அவளுக்கு மட்டும் வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் தள்ளுவண்டிக் கடைக்குப் போனாராம்.

"ஒத்தையா சாப்புட மாட்டேன்னு அழுதுச்சு அம்மணி. கொழந்தைக்காகத்தான விரதம் இருந்தேன். கொழந்தைக்காகவே முறிச்சுப்போட்டேன்."

மீதி நாட்களிலும் குழந்தைக்காகவேதான் முறித்தீர்களா என்று கேட்டேன். அவர் சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்தார். நான் ரசம் ஊற்றினேன். அவரைத் திட்ட வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அவர் திருட்டுத்தனமாகச் சாப்பிடாமல் இருந்திருந்தால், மகளின் வாசம் வெறும் பசிதான் என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அதை அவரிடம் சொன்னேன், அழாமல் சொல்ல முடியவில்லை. அவர் எச்சில் கையோடு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்படியானால் முருகனே அனுப்பினது என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்த அளவுக்கெல்லாம் போக வேண்டாம் என்றேன். என் அம்மாவுக்கு இது தெரியக்கூடாது என்பதில் மட்டும் இருவரும் உடனே ஒத்துப்போனோம்.

அந்த வாரமே மருத்துவரிடம் போனோம். கணவர் சொன்னபடி பிடித்துக்கொண்டார், இந்த முறை வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இந்த வயதில் ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் படுத்தால் சில குழந்தைகளுக்குக் காலையில் இப்படி வாசம் வருவது உண்டு, தூங்குவதற்கு முன் வயிறு நிறையட்டும் என்றார் மருத்துவர். என்ன கொடுத்தால் விரும்பிச் சாப்பிடும் என்று கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் எடை பார்க்கிற கருவியைப் பார்த்தார். மகள் தானே சொல்லிவிட்டாள். முட்டை நல்லதுதான், நன்றாக வேகவைத்துக் கொடுங்கள் என்றார் மருத்துவர், எழுதிக்கொண்டே.

அன்று சாயங்காலம் மூன்று பேருமாகக் கோயிலுக்குப் போனோம். வெளியே வந்ததும் மகள் எங்கள் இருவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தள்ளுவண்டியில் கல் காய்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் என்ன எண்ணெய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்தத் துணியை எப்போது துவைத்தார்கள் என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மகளைப் பார்த்ததும் கேட்காமலே ஒரு முட்டையைக் கையில் எடுத்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க சார், கூழு குடுக்கற அம்மா இவங்கதானுங்களா?"

கணவர் சாலையின் எதிர்ப்பக்கத்தில் எதையோ தேடத் தொடங்கினார்.

"நாந்தானுங்க," என்றேன். "எனக்கும் ஒரு கலக்கி போடுங்க. முட்டை மட்டும் உள்ள நல்லா வேகணுமுங்க."

அவர் கரண்டியைக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"வெந்துட்டா அது கலக்கி இல்லைங்களே அம்மணி."

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே வாயைத் திறந்துகொண்டு தட்டுக்காக நின்றாள். சரி, குழந்தைக்கு ஒரு ஆம்லெட், முழுசாக வெந்தது, எனக்கு அவர் போடுகிறபடியே போடட்டும் என்றேன்.

போட்டார். இரண்டு சாப்பிட்டேன்.